தொப்பியைக் கழற்றும் காட்சி

எங்கள் ஸ்காபரோ முதியோர் ஒன்றியத்தின் ஆண்டு மலருக்கு ஒவ்வொருவரும் தாம் பார்த்த தொழிலைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று கேட்கப்பட்டபோது, பெரும்பாலோர் ஊரில் தாம் வகித்த பதவிகளைப் பற்றியே எழுத முன்வந்தனர். எனக்கு ஊரில் பதவி என்று ஒன்றும் இருந்ததில்லை. இந்த நாட்டுக்கு வந்த பின்னர்தான், அதுவும் தலை நரைத்த பின்னர்தான், சம்பளம் பெறும் தொழில் ஒன்று எனக்கு வாய்த்தது. ஆகவே, "நான் தொப்பியைப் பற்றி எழுதலாமோ?" என்று கேட்டேன்.

ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, தொப்பியிலை எழுதிறதுக்கு என்ன கிடக்கு? தலையிலை போடுறதும் கழட்டுறதும்தானே?"

போடுவதிலும் கழற்றுவதிலும் எவ்வளவு கிடக்கிறது என்பதை அன்று அவருக்கு விளக்க நான் முற்படவில்லை. ஆற அமர இங்கே எழுதுகிறேன். எட்டாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனவள் அல்லள். நூலகத்திலிருந்து என் கணவர் எடுத்துவந்த நூல்களைப் படித்தே எழுத்து நடையைப் பழகிக்கொண்டேன். பிழை காணும் வாசகர் பொறுத்தருள்க.

நாங்கள் முதலில் குடியிருந்தது நகரின் மேற்குப் பக்கத்துப் பார்க்டேலில். அதே அடுக்குமாடியில் சறோ என்ற சரோஜினியும் இருந்தாள். என்னிலும் மிக இளையவள்; வாய்த்துடுக்கு உடையவள்; மனம் நல்லது. என் மருமகளின் சட்டையில் நான் போட்டிருந்த கைத்தையலை ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"பரமேசக்கா, உந்தக் கையை வைச்சுக்கொண்டு வீட்டிலை வெங்காயமே உரிக்கிறியள்? எங்கட தொப்பி வேலைக்கு வாங்கோ. அங்கை மிஷின் தையல் எண்டால் மனுசிக்குக் கண்ணிலை காட்டேலாது."

'மனுசி' என்று அவள் குறிப்பிட்டது மிஸ் கிளாராவை. ஸ்பதைனா வீதியில், பழைய செங்கற் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் அவருடைய பட்டறை இருந்தது. கடைகளுக்கு விற்கும் தொப்பிகள் அங்கே செய்யப்படுவதில்லை. நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் வேண்டிய பழங்காலத்துப் பெண்கள் தொப்பிகளே, சிறப்பாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்துத் தொப்பிகளே அங்கே உருவாயின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பட்டறையில் கால் வைத்தேன். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன்.

வேலை பழகிய காலத்தை நீட்டி எழுத விரும்பவில்லை. விரலைக் குத்திக்கொண்டேன், தைத்ததைப் பிரித்தேன், பிரித்ததைத் தைத்தேன், ஆங்கிலம் விளங்காதபோது சறோவின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவே.

வேலையின் ஒழுங்கைச் சொல்லியாக வேண்டும். பக்ரம் என்னும் பசையேற்றிய முரட்டுத் துணியை வெந்நீரில் நனைத்து, மரத்தாற் கடைந்த தலையின்மேல் இழுத்துப் பொருத்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டிக் காயவிடுவோம். காய்ந்தபின் அது ஓடுபோல நிற்கும். விளிம்புக்குக் கம்பி வைத்துக் கையால் தைப்போம். கம்பியின் மேடு வெளியே தெரியாதிருக்க மெல்லிய பருத்தித் துணியால் ஒருமுறை போர்த்தி, அதன்மேலேயே பட்டோ வெல்வெட்டோ ஏற்றுவோம். இறகும் பூவும் நாடாவும் கடைசியில் வரும். தீக்கோழி இறகை, நீர் கொதிக்கும் கேத்தலின் ஆவியில் காட்டி, மழுங்கிய கத்தியின் முதுகால் ஒவ்வோர் இழையாகச் சுருட்ட வேண்டும். அவசரப்பட்டால் இழை முறிந்துவிடும்.

மிஸ் கிளாரா எழுபதை அணுகிக்கொண்டிருந்த மெலிந்த பெண்மணி. அவருடைய தாயார் இளமையில் இந்நகரத்துத் தொப்பிக் கடை ஒன்றில் இறகு தைத்தவர். தாயிடம் கண்டதையே மகள் எங்களிடம் எதிர்பார்த்தார். அவர் பேசியது ஆங்கிலம். அப்பேச்சின் நிதானத்தை எழுத்துத் தமிழில்தான் என்னால் கொண்டுவர முடிகிறது. 'பிழை' என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. முடிந்த தொப்பியைத் தம் பொத்திய கையின்மேல் கவிழ்த்து, கையை நீட்டிப் பிடித்து, மெல்லச் சுற்றுவார். முதலிற் பார்ப்பது பின்புறத்தைத்தான்.

"ஒரு பெண் கடந்து போன பிறகும் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் நாம் வேலை செய்கிறோம்" என்பார்.

குறை தென்பட்டால், ஊசி குத்தாதிருக்க விரல்நுனியில் மாட்டியிருக்கும் வெள்ளிக் கூட்டைக் கழற்றி மேசைமேல் வைப்பார். 'டிக்' என்று ஓர் ஓசை கேட்கும். யாருடைய தொப்பி என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. உரியவள் எழுந்து வந்து எடுத்துக்கொண்டு போவாள். இத்தனை மரியாதையோடு ஒருவரைத் திருத்த முடியும் என்பதை நான் அதற்குமுன் எங்கும் கண்டதில்லை.

நான் சேர்ந்து சிலகாலம் சென்றிருக்கும். ஒருநாள் அவர் என் மேசைக்கு வந்து, "மிஸஸ் பரம், உங்களுக்கு மறுப்பில்லையென்றால் உங்கள் கூந்தலை அவிழ்த்துக் காட்டுவீர்களா?" என்று கேட்டார்.

நான் திகைத்துச் சறோவைப் பார்த்தேன்.

"பொம்பிளை பாக்க வந்திருக்கினம் போலை, அக்கா. கொஞ்சம் வெக்கப்படுங்கோ" என்றாள் அவள்.

இடுப்புக்குக் கீழே வரும் கூந்தல் எனக்கு அப்போதும் இருந்தது, பாதி நரைத்திருந்தாலும். மிஸ் கிளாரா அதை மேல்நோக்கி வாரி, உள்ளே மென்மையான சுருள்களை வைத்து, நெற்றியைச் சுற்றி வட்டமாகப் புடைக்கச் செய்து, உச்சியில் முடிந்தார். பின்னர், எங்கள் வீட்டில் அரிசி புடைக்கும் சுளகளவு அகன்ற ஒரு தொப்பியை அதன்மேல் ஏற்றி, நீண்ட ஊசிகள் மூன்றைச் செருகினார்.

"தலையை ஆட்டுங்கள்."

ஆட்டினேன். தொப்பி அசையவில்லை. மிஸ் கிளாரா இரண்டடி பின்வாங்கி நின்று, "தனக்குரிய இடத்தில் இந்தத் தொப்பி இருப்பதை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார்.

அன்று அவர் விளக்கியதை என்றும் மறவேன். முதல் உலகப் போருக்கு முந்திய அந்தப் பெருந்தொப்பிகள் தலையில் தங்குவன அல்ல, கூந்தலில் தங்குவன. தலைக்கும் தொப்பிக்கும் இடையே உள்ள முடிதான் அத்தனை பூவையும் இறகையும் தாங்கியது. உள்ள முடி போதாதவர்கள், சீவும்போது உதிர்ந்ததைச் சேர்த்து வைப்பார்களாம். அதற்கென்றே மூடியில் துளையிட்ட பீங்கான் கிண்ணம் ஒன்று முகம் பார்க்கும் கண்ணாடி மேசையில் இருக்குமாம். கிண்ணம் நிறைந்ததும் அதைச் சுருளாக்கிக் கூந்தலுக்குள் ஒளித்து வைப்பார்களாம்.

இதைக் கேட்டதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சீவிக் கழிந்த முடியை விரலில் சுற்றி எடுத்துவைத்துச் சவரி கட்டிக்கொள்வது எங்கள் பெண்களும் செய்ததல்லவா? பட்டணத்துச் சீமாட்டிகளின் பகட்டுக்கு அடியிலும் இதே சவரிதானா இருந்தது? நான் சொன்னதைச் சறோ மொழிபெயர்த்தாள். மிஸ் கிளாரா என்னைச் சற்றுநேரம் பார்த்தார்.

"அப்படியானால் என் தாயாரும் நீங்களும் ஒரே மேசையில் வேலை செய்திருக்கலாம்" என்றார்.

உண்மையில், முடியைச் சேர்க்கும் பழக்கத்தை இந்த நாட்டிலும் நான் விட்டிருக்கவில்லை. குளியலறைக் கதவின் பின்னால் ஒரு துணிப்பை தொங்கியது. "உதை ஏனப்பா சேர்க்கிறீர்? ஊருக்குக் கொண்டு போகவோ?" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். காரணம் எனக்கும் தெரியாது. கண்ட இடத்தில் முடியை எறிய மனம் வராது, அவ்வளவே.

அன்றுமுதல், போருக்கு முந்திய காலத் தொப்பிகள் யாவும் என் தலையில் வைத்தே சரிபார்க்கப்பட்டன. போருக்குப் பின் நாகரிகம் முற்றாக மாறியது. பெண்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள்; ஓடிப்போய் டிராம் வண்டி ஏறினார்கள்; கூந்தலைக் கழுத்தளவில் வெட்டினார்கள். மணியைக் கவிழ்த்தாற்போலப் புருவம்வரை இறங்கும் சிறிய தொப்பி வந்தது. ஊசி வேண்டாம், இறகு வேண்டாம். ஆனால், கொண்டை உள்ள தலையில் அது இறங்கவே இறங்காது. அதற்குச் சறோவின் தலை பொருந்தியது. இங்கு வந்த முதல் ஆண்டிலேயே தலைமயிரை வெட்டி மாமியாரின் கோபத்துக்கு ஆளானவள் அவள்.

"சண்டைக்கு முன்னம் நீங்கள், சண்டைக்குப் பிறகு நான். வரலாறு முழுக்க எங்கட ரெண்டு தலையிலையும்தான் கிடக்கு, அக்கா" என்பாள்.

இனி, என் தொழில்வாழ்வின் மிகக் கடினமான அலுவலுக்கு வருகிறேன்.

ஒரு நாடகக் குழுவிடமிருந்து வேலை வந்தது. ஒரு பெண்ணின் இளமை தொடங்கி நடுவயதுவரை செல்லும் கதை. முதல் அங்கம் பெருந்தொப்பிக் காலம், கடைசி அங்கம் மணித்தொப்பிக் காலம். முதன்மைப் பாகம் ஏற்ற நடிகையின் பெயர் ஹெலன். கடும் நோய்க்கு மருத்துவம் பெற்றதால் அவருடைய முடி முழுதும் உதிர்ந்து, அப்போதுதான் ஒரு விரல் அகலத்துக்கு மீண்டும் முளைத்திருந்தது. பல மாத இடைவெளிக்குப் பின் அவர் மேடையேறும் முதல் நாடகம் அது.

முதல் அங்கத்தின் முடிவில், விருந்தாளியாக ஒரு வீட்டுக்கு வந்த அந்தப் பெண், பேசிக்கொண்டே தன் தொப்பியின் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி, தொப்பியைக் கழற்றி வைக்க வேண்டும். சபையோர் முன்னிலையில், சொந்தக் கையால். இங்கேதான் சிக்கல் எழுந்தது. ஹெலனுக்குப் பொய்முடி பொருத்தப்பட்டிருந்தது. வழமையாகப் பொய்முடியை நடிகரின் சொந்த முடியுடன் கோத்து நிறுத்துவார்கள். ஹெலனுக்குக் கோப்பதற்கு முடி இல்லை. முதன்முறை நாடக அரங்கில் பொருத்திப் பார்த்தபோது, உள்ளே வைத்திருந்த நைலோன் சுருளில் ஊசி பிடிக்கவில்லை. தொப்பி ஆட, பொய்முடியும் சேர்ந்து ஆடியது. ஓர் ஊசியை உருவியதும் எல்லாமே ஒருபக்கம் சரிந்தது.

நாடக நெறியாளர் நல்ல மனிதர். "தொப்பியைக் கழற்றாமலே நடித்துவிடலாமே" என்றார்.

"முடியாது. விருந்தாளி தொப்பியோடு இருப்பாள். தங்கப்போகிறவள்தான் கழற்றுவாள். அவள் அந்த வீட்டில் தங்கப்போகிறாள் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. அந்த ஊசிகள்தான் சொல்கின்றன" என்றார் ஹெலன்.

நெறியாளர் தம் குறிப்புத்தாளைப் புரட்டினார். பிறகு, அந்தக் காட்சியைச் செய்ய இயலாவிடில், ஆயத்தமாக இருக்கும் மாற்று நடிகைக்கே பாகத்தைக் கொடுக்க வேண்டிவரும் என்றார். சொல்லும்போது அவர் ஹெலனைப் பார்க்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் மிஸ் கிளாரா வெல்வெட் நாடா ஒன்றை எடுத்து, மொசுமொசுப்பான பக்கம் வெளியே இருக்கும்படி தம் நெற்றியைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் ஒரு துணியைப் போட்டு இழுத்துப் பார்த்தார். துணி வழுக்கவில்லை.

"பொய்முடி தலையில் நிற்க இது போதும். ஆனால் ஊசி எதைப் பிடிக்கும்? அது பொய்முடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. முடி வேண்டும், மிஸஸ் பரம். உண்மையான முடி, என் தாயார் வைத்ததைப்போல."

குளியலறைக் கதவின் பின்னால் தொங்கிய பை என் மனக்கண்ணில் வந்தது.

மறுநாள் அதை நான் கொண்டுபோனபோது சறோ வாயில் கைவைத்தாள். "மெய்யே அக்கா! கழிச்ச மயிரை வெள்ளைக்காரியிட்டைக் குடுக்கப் போறியளோ? சூனியம் கீனியம் செய்து போடுவாள்."

"அந்தப் பிள்ளைக்கு இருக்கிற கரைச்சலுக்குள்ளை எனக்குச் சூனியம் செய்ய நேரமிருக்குமே?" என்றேன்.

அன்றிரவு வீட்டில் முடியைக் கழுவி உலர்த்தி, சிக்கெடுத்து, நீளவாக்கில் உருட்டி, மெல்லிய வலையால் பொதிந்து, பிறைபோல வளைத்துத் தைத்தேன். வாழைப்பொத்தியளவு கனமான, வடிவான சவரி. மிஸ் கிளாரா அதைப் பொய்முடியின் அடியில் வெல்வெட் பட்டியுடன் இணைத்தார். ஊசி தொப்பிக்குள் நுழைந்து, சவரியைத் துளைத்து, மறுபக்கத்தால் தொப்பியிலேயே வெளிவர வேண்டும். பொய்முடியின் இழைகளுக்கு ஊடாகப் போகலாம்; அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. இதுதான் ஏற்பாடு.

இரண்டாம் முறை நாடக அரங்கில் பொருத்தினோம். வெல்வெட் பட்டி இம்மியும் நகரவில்லை. ஹெலன் இரண்டடி நடந்தார், தலையைத் திருப்பினார். ஊசி தானாகவே மெல்ல வெளியே வந்தது, வெண்ணெயிலிருந்து கத்தி வருவதைப்போல. இரண்டாவதும் வந்தது. தொப்பி பின்னால் சரிந்து விழுந்தது.

மிஸ் கிளாரா சவரியைக் கழற்றி எடுத்து, விரல்களைத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார்.

"தேங்காய்" என்றார்.

முடியைக் கழுவி உலர்த்தியவள், உருட்டும்போது பறக்கிறதே என்று உள்ளங்கையில் எண்ணெய் வார்த்துப் பூசியிருந்தேன். பூசியது நினைவில்கூட இல்லை. தலைமயிரைக் கையில் எடுத்தால் எண்ணெய் வைக்காமல் எங்கள் கை ஓயுமா? பறவாமல் படியவேண்டும் என்பதே எங்கள் வளர்ப்பு. இங்கே வேண்டியிருந்ததோ அதற்கு நேர்மாறு.

நெறியாளர் எழுந்து வந்தார். மிஸ் கிளாரா என்னை முந்திக்கொண்டு, "உலர்ந்த முடி வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் கவனக்குறைவு" என்றார்.

"அடுத்தது உடையணிந்த கடைசி ஒத்திகை. அதிலும் விழுந்தால், எனக்கு வேறு வழி இல்லை" என்றார் நெறியாளர்.

ஹெலன் மிஸ் கிளாராவிடம் வந்தார். பொய்முடியைக் கழற்றிய தலையில் பூஞ்சையாக முடி தெரிந்தது. "உங்களால் முடியாதென்றால் இப்போதே சொல்லுங்கள். நானாகவே விலகிவிடுகிறேன். அனுப்பப்படுவதைவிட அது நல்லது."

மிஸ் கிளாரா ஹெலனின் தோளைத் தொடவில்லை. ஆறுதல் மொழியும் கூறவில்லை. என் பக்கம் திரும்பி, "மிஸஸ் பரம், இந்த எண்ணெய் முற்றாகப் போகுமா?" என்று கேட்டார்.

"போகும்" என்றேன். எனக்கு உறுதியாகத் தெரிந்த ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்று.

"ஒத்திகைக்கு வாருங்கள்" என்றார் அவர் ஹெலனிடம்.

அன்று மாலையே ஸ்காபரோவுக்குப் பஸ் ஏறித் தமிழ்க் கடை ஒன்றில் சீயாக்காய் வாங்கினேன். சவரியை முழுதும் பிரித்து, சீயாக்காய் போட்டுத் திரும்பத் திரும்ப அலசினேன். என் கணவர் குளியலறை வாசலில் நின்று, "ஆருக்கு முழுக்கு வார்க்கிறீர்?" என்று கேட்டார். விடயத்தைச் சொன்னேன். அவர் பகிடியை விட்டுவிட்டு, மின்விசிறியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். உலர்ந்த முடி கையில் முரடாக நின்றது. தேங்காய்த் தும்பைப்போல ஒன்றையொன்று பற்றிக்கொண்டது. பறக்கட்டும் என்று விட்டேன். எண்ணெய்ப் போத்தலை மட்டும் கணவரிடம் கொடுத்து அப்பால் வைக்கச் சொன்னேன். என் கையை நான் நம்பவில்லை.

பட்டறையில் மிஸ் கிளாரா புதிய சவரியில் ஊசியைச் செருகி, ஊசியின் தலையைப் பிடித்துச் சவரி முழுவதையும் அந்தரத்தில் தூக்கினார். விழவில்லை. வெள்ளிக் கூட்டை விரலில் மாட்டிக்கொண்டு தைக்க உட்கார்ந்தார்.

ஒத்திகையில் தொப்பி நின்றது. நெறியாளர் ஹெலனைத் தலையை ஆட்டச் சொன்னார், குனியச் சொன்னார், படியேறி இறங்கச் சொன்னார். அதன்பின் தம் குறிப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "காட்சியை முதலிலிருந்து எடுப்போம்" என்றார். மாற்று நடிகையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

முதல் நாள் நாடகத்துக்கு மிஸ் கிளாரா எங்கள் இருவரையும் அழைத்துச் சென்றார். நான் பட்டுச் சேலை உடுத்தியிருந்தேன். முதல் அங்கம் முடியும் தறுவாயில் ஹெலன் பேசிக்கொண்டே கையை உயர்த்தினார். முதல் ஊசி வந்தது. அதை மேசையில் வைத்தார். இரண்டாவது ஊசி. சறோ என் கையை இறுக்கிப் பிடித்தாள். மூன்றாவது. இரு கைகளாலும் அந்தப் பெருந்தொப்பியை மலர்த்தட்டைத் தூக்குவதுபோலத் தூக்கிக் கீழே வைத்தார். ஒரு முடி கலையவில்லை. அந்தப் பெண் தங்கப்போகிறாள் என்பது அரங்கிலிருந்த அனைவருக்கும் விளங்கியது.

"அக்கா, உங்கட மயிர் மேடையேறீட்டுது" என்று சறோ காதுக்குள் சொன்னாள்.

கடைசி அங்கம் வந்தது. பல்லாண்டுகள் கழிந்து, நடுவயதாகி, இழப்புகள் பலவற்றைக் கண்ட அதே பெண் வெளியிலிருந்து வீட்டுக்குள் வருகிறாள். தலையில் சாம்பல்நிற மணித்தொப்பி. சறோவின் தலையில் அளவெடுத்து நாங்கள் செய்தது. ஊசி எதுவும் இல்லை. ஹெலன் ஒற்றைக் கையால் அதைப் பிடித்து, ஒரே இழுப்பில் கழற்றினார்.

அதன் அடியில் பொய்முடி இல்லை. விரல் அகலத்துக்கு முளைத்திருந்த அவருடைய சொந்த முடிதான் மேடை விளக்கில் தெரிந்தது. அப்படி நடிப்பது என்று அவரும் நெறியாளரும் தமக்குள் முடிவு செய்திருந்தார்கள், எங்களுக்குச் சொல்லவில்லை. கதையிலுள்ள பெண் காலத்துக்கேற்பக் கூந்தலை வெட்டிவிட்டாள் என்று சபையோர் எண்ணியிருப்பார்கள். எவ்வளவு துணிவாக வெட்டியிருக்கிறாள் என்ற வியப்பொலி அரங்கெங்கும் எழுந்தது.

மிஸ் கிளாரா என் பக்கம் சாய்ந்தார்.

"மிஸஸ் பரம், அந்தத் தலையில் நம்முடைய வேலை ஒன்றுமே இல்லை" என்றார்.

திரை விழுந்ததும் அவர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் கைதட்டி நான் கண்டது அந்த ஒருமுறைதான்.